பாலைக் கொப்பு

வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில்தான் அவர்கள் அந்தக் காட்டோரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அருட்பிரகாசம் படங்குச் சீலையும் சாக்குகளும் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். நடுவில் அவனுடைய மனைவி குணலட்சுமி. கடைசியில், தலையில் ஓலைக் கடகத்தோடு, அவனுடைய தமக்கை இராசாத்தி.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசி மாதம். பண்டத்தரிப்பில் கல்வீட்டையும் கறுவல் பசுவையும் விட்டுவிட்டு, ஷெல் சத்தத்துக்குப் புறமுதுகு காட்டி ஓடி வந்த குடும்பம். தென்மராட்சியின் கிழக்கு ஓரத்தில் ஒரு காடு இருக்கிறது, பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு, கொட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வந்திருந்தார்கள்.

காட்டுக்குள் கால் வைத்ததும் வெயில் அறுந்து விழுந்ததுபோல் இருந்தது. பாலையும் வீரையும் நாவலும் பின்னிக்கொண்டு நின்றன. ஈர இலை மக்கும் வாசம். எங்கோ ஒரு புறா முனகிவிட்டு நிறுத்தியது.

காட்டு வாசலில் ஒரு கல். கல்லின் மேல் வைரவரின் இரும்புச் சூலம். சூலத்தின் முனைகளில் இலைக் கொப்புகள் தொங்கின.

"உதென்ன, தோரணமோ?" என்று இராசாத்தி கேட்டாள்.

பக்கத்துக் கொட்டிலில் சுளகு புடைத்துக்கொண்டிருந்த தங்கமுத்து சிரித்தாள். "தோரணமில்லை பிள்ளை. உள்ளை போறவை ஒரு கொப்பு முறிச்சுச் சூலத்திலை கொழுவோணும். வெளியிலை வந்ததும் அவரவர் கொப்பை அவரவர்தான் எடுக்கோணும். கொப்புத் தொங்கினால் ஆள் உள்ளை எண்டு அர்த்தம். விறகு வெட்டுற ஆக்கள் அதைப் பாத்துத்தான் கோடாலி தூக்குவினம்."

"மறந்துபோய் எடுக்காமல் வந்தால்?"

"எடுக்கும்வரை ஆள் உள்ளைதான். உடம்பு வெளியிலை வந்து என்ன பிரயோசனம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரின் கொப்பு இன்னொருவருடையதோடு மாறாதிருக்க, வீட்டுக்குள் ஆளுக்கொரு இலை என்று இராசாத்தி அன்றைக்கே பங்கு பிரித்துவிட்டாள். அருட்பிரகாசத்துக்கு நாவல். தனக்குப் பாலை.

"நீ வீரையை எடு குணம். வளையாத சாதி, உனக்குத்தான் பொருத்தம்."

குணலட்சுமிக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. ஆனாலும் வீரையைத்தான் எடுத்தாள்.

*

மண்ணெண்ணெய் கண்ணில் காணக் கிடைக்காத காலம் அது. யாழ்ப்பாணப் பட்டினத்துப் பேக்கரி அடுப்புகளெல்லாம் விறகில்தான் எரிந்தன. சோமசேகரம் என்கிற மேற்பார்வைக்காரனின் கீழே அருட்பிரகாசம் மரம் வெட்டப் போனான். பெண்கள் இருவரும் காட்டுக்குள் முசுட்டை இலையும் தூதுவளையும் பறித்தார்கள். ஈச்சங்குருத்து வெட்டினார்கள். ஆனி பிறந்ததும் பாலை பழுத்தது. மஞ்சள் மணிகளாய்ப் பழம். தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஒருவரை ஒருவர் மரங்களுக்கிடையில் தவறவிட்டால் இராசாத்தி "ஊ...ய்" என்று நீட்டிக் குரல் கொடுப்பாள். குணலட்சுமி "ஓய்" என்று பதில் சொல்லவேண்டும்.

மத்தியானமானால் வேலை முடிந்து அருட்பிரகாசம் சூலத்தைப் பார்ப்பான். பாலைக் கொப்புத் தொங்கினால் நேரே காட்டுக்குள் போய்விடுவான். அக்காவின் கடகத்தைத் தூக்கிக்கொண்டு, கதைத்துச் சிரித்துக்கொண்டு வருவான். தாய் இல்லாத அவனை சேலை ஏணையில் ஆட்டி வளர்த்தவள் அவள். அது குணலட்சுமிக்குத் தெரியும். தெரிந்திருந்தும், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் காத்திருக்கும் அந்த நேரம் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. வயிற்றில் பிள்ளை வேறு. ஒரு நாளாவது அவன் நேரே தன்னிடம் வரக்கூடாதா?

அன்று வெள்ளிக்கிழமை. பெரிய பாலைமரத்தின் அடியில் இருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. பழத்தில் கை வைத்த குணலட்சுமியை இராசாத்தி தடுத்தாள்.

"எடியே, வெறுவயித்திலை உவ்வளவு தின்னாதை. வயித்தாலை போகும்."

"நான் தின்னுறதையும் எண்ணுறியளோ மச்சாள்?"

"ஓமோம், எண்ணத்தான் வேணும். நீ வந்தாப் பிறகுதானே என்ரை தம்பி ஈர்க்கு மாதிரிப் போனவன்."

பகிடிதான். ஆனால் பசியோடு இருப்பவளிடம் சொல்லக்கூடிய பகிடி இல்லை. குணலட்சுமி கடகத்தை அங்கேயே போட்டுவிட்டு விடுவிடென்று நடந்தாள். "கோவியாதையடி, நான் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு வாறன்" என்ற குரல் பின்னால் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சூலத்தில் தன்னுடைய வீரைக் கொப்பை எடுத்தாள். பக்கத்தில் பாலைக் கொப்புத் தொங்கியது. இதைக் கண்டால் இன்றைக்கும் அவன் உள்ளேதான் போவான்.

வைரவருக்குரிய நாள் என்று வெள்ளிக்கிழமைகளில் அந்தக் காட்டில் யாரும் மரத்தில் கோடாலி வைப்பதில்லை. வெட்டிய விறகை அடுக்கும் வேலை மட்டும்தான். ஆகவே ஆபத்து ஒன்றும் வராது.

பாலைக் கொப்பையும் எடுத்தாள். முறிந்த இடத்திலிருந்து பால் கசிந்து அவளுடைய விரல்களில் ஒட்டியது. மடியில் மறைத்துக் கொண்டுவந்து அடுப்பில் போட்டாள். பச்சை இலை சடசடவென்று வெடித்துக் கசப்பாய்ப் புகைந்தது.

அந்தப் புகை அடங்குவதற்குள் காட்டுக்குள் கோடாலிச் சத்தம் கேட்டது.

பட்டினத்திலிருந்து லொறி ஒரு நாள் முந்தி வந்துவிட்டதாம். "ஒரு நாளைக்கு வைரவர் கண்ணை மூடுவார்" என்று சொல்லிச் சோமசேகரம் ஆட்களை அனுப்பிவிட்டான். அவர்கள் வழக்கம்போல் சூலத்தைப் பார்த்தார்கள். வெறும் இரும்பு. யாரும் உள்ளே இல்லை. ஆகவே யாரும் குரல் கொடுக்கவும் இல்லை.

குணலட்சுமி ஓடினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடினாள்.

அவள் சூலத்தடிக்கு வருவதற்குள் பெரிய பாலைமரம் விழுந்துவிட்டது. நிலம் அதிர்ந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பழம் பொறுக்கிக்கொண்டு அப்பால் போயிருந்த இராசாத்திக்குக் கோடாலிச் சத்தம் கேட்டிருக்கும். என்னுடைய கொப்புத் தொங்குகிறது, தம்பி பார்த்துத்தானே வெட்டுவான் என்ற நம்பிக்கையில், வெட்டுபவர்களுக்கும் பழம் கொடுக்க அந்தப் பக்கமாகவே நடந்து வந்திருக்கிறாள். மரம் அவள்மேல்தான் சாய்ந்தது. அடிமரத்தில் கடைசி வெட்டு அருட்பிரகாசத்தினுடையது.

கடகத்துக்குள் ஒரு வட்டத்தாமரை மரத்து இலையில் நல்ல பழமாய்ப் பொறுக்கி வேறாகக் கட்டி வைத்திருந்தாள்.

"இது உனக்குத்தான் கட்டியிருக்கிறா" என்றான் அருட்பிரகாசம். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "கொப்புக் கொழுவ மறந்திட்டியே அக்கா!"

குணலட்சுமியின் விரல்களில் பால் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள்.

*

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் மத்தியானம் சூலத்தில் ஒரு கொப்புத் தொங்கியது.

பாலை.

முறிந்த நுனியில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆர் உள்ளை?" என்று கத்தினார்கள். பதில் இல்லை. தேடினார்கள். ஆள் இல்லை. "பெடியளின்ரை சேட்டை" என்று சோமசேகரம் அதைப் பிடுங்கி எறிந்தான். அடுத்த நாள் மத்தியானம் மறுபடி தொங்கியது. அவன் எறிய எறிய, அது வந்தது.

லொறிகளும் வந்தன. அடுப்புக்குப் போனது பாதி, பங்கர்க் குழிகளுக்கு மேல் மூடுமரமாய்ப் போனது பாதி. அடுத்த ஆனி வருவதற்குள் காடு கட்டைகளாய்ப் போயிற்று. முசுட்டை படர மரமில்லை. புறா இல்லை. சூலத்துக்கு நிழல் கொடுத்த வீரைகூட இல்லை. கடைசிப் பாலைமரத்தையும் ஏற்றி அனுப்பிய அன்று, இனி அந்தக் கொப்பு வராது என்று குணலட்சுமி மனதுக்குள் வைரவருக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் அது தொங்கியது. பச்சையாக. பால் சொட்டச் சொட்ட.

அதைவிடக் கொடுமை, குரல். பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டும்போது, வெயிலில் வெந்த கட்டைவெளியின் நடுவிலிருந்து வரும்.

"ஊ...ய்."

அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

அருட்பிரகாசம் வேலையை விட்டுவிட்டான். மத்தியானமானால் சூலத்தடியில் போய்க் குந்திவிடுவான். கொண்டுபோன சோறு ஈ மொய்த்துக் கிடக்கும். ஒரே கதைதான்.

"சூலம் வெறுமையாக் கிடந்தது குணம். நான் பாத்தனான் எல்லோ? இல்லாட்டில், தொங்கினது என்ரை கண்ணிலை படேல்லையோ? நீ வெளியிலை வரேக்கை அது தொங்கினதோ?"

"நான் கவனிக்கேல்லையப்பா."

ஒவ்வொரு முறையும் அதே பதில். ஒவ்வொரு முறையும் அவனுடைய முகம் இன்னும் கொஞ்சம் ஒட்டிப்போகும். தன்னுடைய பாவம் அவனைத் தின்றுகொண்டிருப்பதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். சொன்னால் புருஷன் போய்விடுவான். சொல்லாவிட்டால் அவனே இல்லாமல் போவான்.

ஆடி மாதத்து ஒரு மத்தியானம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தங்கமுத்துவிடம் விட்டுவிட்டு அவள் சோறு கொண்டுபோனாள். அவன் நாவல் கட்டையில் துளிர்த்திருந்த கொப்பொன்றை முறித்துச் சூலத்தில் கொழுவிக்கொண்டிருந்தான். பாலைக் கொப்புக்குப் பக்கத்தில்.

"என்ன செய்யிறியள்?"

"உள்ளை போறன். அக்கா இல்லாமல் வெளியிலை வரமாட்டன். கண் இருந்தும் பாக்காத பாவி நான்."

அவனுடைய குரலில் அழுகை இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் பாத்தது சரி. அது தொங்கேல்லை. நான்தான் எடுத்தனான்."

அவன் அவளைப் பார்த்தான்.

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை, வெட்டமாட்டினம் எண்டு நினைச்சன். அது தொங்கினால் நீங்கள் மச்சாளிட்டைப் போவியள். இல்லாட்டில் நேரை என்னட்டை வந்து சாப்பிடுவியள் எண்டு..."

காற்றே இல்லை. சூலத்திலிருந்து ஒரு சொட்டுப் பால் கல்லில் விழுந்தது.

"ஒரு நேரச் சோத்துக்கோ குணம்?"

அவன் கையை உதறவில்லை. அடிக்கவும் இல்லை. தன்னுடைய நாவல் கொப்பைக் கழற்றிக் கீழே போட்டான்.

"அப்ப நீதான் போய்க் கூட்டிக்கொண்டு வரோணும்."

*

வீரைக் கட்டையொன்றில் நாலு இலை துளிர்த்திருந்தது. அதை முறித்துக் கொழுவிவிட்டு அவள் நடந்தாள்.

கட்டைகள். வெயில். காடு இருந்த இடத்தில் வானம்.

பெரிய பாலையின் கட்டை இப்போதும் ஒரு சுளகின் அகலத்துக்கு இருந்தது. அதன் முன்னால் நின்று, ஒரு வருடமாய்த் தொண்டையில் கிடந்ததை வெளியே விட்டாள்.

"ஓய்..."

பதில் வரவில்லை.

"மச்சாள், நான் எடுத்தது பிழை. அவரைக் கோவியாதையுங்கோ. அவருக்கு ஒண்டும் தெரியாது. வாங்கோ, வீட்டை போவம்."

பழ வாசம் வந்தது. உதட்டை ஒட்டவைக்கும் அந்தக் கொழுத்த இனிப்பு.

அவள் திரும்பி நடந்தாள். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஒரு அடிக்கு ஒரு அடி. அந்த வெட்டைவெளியில் ஒரு சருகுகூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

திரும்பிப் பார்க்கவில்லை.

சூலத்தில் வீரைக் கொப்பு மட்டும் தொங்கியது.

"ஆரும் எடுக்கேல்லை" என்றான் அருட்பிரகாசம். "நான் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்." அவனுடைய கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த கண்ணீர். "வெளியிலை வந்திட்டா, குணம்."

அவள் தன்னுடைய கொப்பைக் கழற்றினாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவன் அவளை மன்னித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் வழியில் அவன் சோற்றுப் பொதியைக் கேட்டு வாங்கி, நடந்துகொண்டே இரண்டு வாய் தின்றான்.

தங்கமுத்து தன்னுடைய வாசலில் சுளகோடு இருந்தாள்.

"பிள்ளை தனியவோ?" என்று குணலட்சுமி கேட்டாள்.

"இல்லையே. உங்கடை ஆக்கள் ஆரோ வந்திட்டினம் எண்டுதான் நான் இஞ்சாலை வந்தனான். கடகத்தோடை ஒரு பொம்பிளை உள்ளை போனவ. வெயில் கண்ணைக் கூசினதிலை முகம் தெரியேல்லை."

கொட்டிலுக்குள் ஏணைக் கயிறு கிறீச்சிட்டது. நிதானமான, பழகிய கையின் ஆட்டம். பிள்ளை கெக்கட்டமிட்டுச் சிரித்தது.

கொட்டில் வாசல் படலையின் கம்பில் பாலைக் கொப்புத் தொங்கியது.

முறிந்த நுனியில் பால் திரண்டது. சொட்டியது. மறுபடி திரண்டது.

குணலட்சுமியின் கை தன்னையறியாமல் அதை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. அவரவர் கொப்பை அவரவர்தான் எடுக்கவேண்டும்.

அவள் கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.