தலை எடுக்கிற விளையாட்டு

பெரிய டாக்டரின் தலை போக மறுத்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் வழக்கம்போல் அறுத்துக்கொண்டிருந்தார். நோயாளிகள் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதுதான் எல்லா வாரமும் பேச்சு. சுற்றிச் சுற்றி வந்து பழி கடைசியில் பார்வைப்புலம் சோதிக்கும் அறைமேல், அதாவது அவள்மேல் விழும். அந்த நேரத்தில் அவள் ரகசியமாக ஒரு காரியம் செய்வாள். தலைவலி வந்தவள் மாதிரி முழங்கையை மேஜையில் ஊன்றி, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, டாக்டரின் தலைக்கு இடப்பக்கம் இரண்டு முழம் தள்ளிச் சுவரில் இருக்கும் ஆணியை வலது கண்ணால் அசையாமல் பார்ப்பாள். தலை போய்விடும். வெறும் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருக்கும். பாதி எரிச்சல் அதிலேயே தீர்ந்துவிடும்.

கண் மருத்துவமனையில் பயிற்சிக்கு வருகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் விளையாட்டு இது. நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் பார்வை கிடையாது. குருட்டுப்புள்ளி என்பார்கள். மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் ஒரு முழுத் தலையே அதில் அடங்கும். எதிரே இருக்கும் எதுவும் சரியாக அங்கே போய் விழுந்தால் காணாமல் போகும். ஆனால் ஓட்டை தெரியாது. சுற்றியிருக்கும் சுவரையே எடுத்து மனம் ஒட்டுப் போட்டுவிடும். பூப்போட்ட சுவரென்றால் பூவும் போடும். தைத்த இடமே தெரியாது.

அன்று ஆணியை எவ்வளவு முறைத்தும் தலை இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, கொஞ்சம் மேலே என்று பார்வையை மாற்றிப் பார்த்தாள். டாக்டருக்குப் பின்னாலிருந்த கடிகாரம் போயிற்று. மேஜையின் தண்ணீர் ஜாடி போயிற்று. அவர் தலை மட்டும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அவ்வளவு தலைவலின்னா லீவு போட்டுட்டுப் போயேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் கண்ணில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, மதியம் சீனியர் அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடித் தன் வலது கண்ணைச் சோதிக்கச் சொன்னாள். இருட்டறை. ஸ்பிரிட் நாற்றம். மெஷினின் வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை நுழைத்து, மோவாயைத் தாங்கியில் வைத்து, நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியைப் பார்த்தாள். அங்கங்கே மினுக்கும் சின்ன வெளிச்சங்களுக்கெல்லாம் பொத்தானை அழுத்தினாள். "கண்ணை அலைய விடாதீங்க" என்று அவள் நோயாளிகளை அதட்டும் அதே குரலில் அக்கா அவளை அதட்டினாள். முடிவு சுத்தமாக வந்தது. குருட்டுப்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் சமர்த்தாக இருந்தது.

"அப்போ டாக்டர் தலை ஏன் போகலை?"

"அது கனமான தலைடி" என்றாள் அக்கா.

சிரிப்பு வரவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களை ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவர் மடியிலிருந்த பை போயிற்று. சுவரில் சாய்த்திருந்த குடையின் கைப்பிடி போயிற்று. தலைகள் போகவில்லை. கிழவர் தலை, குழந்தையின் தலை, வாயில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த நர்ஸின் தலை, ஒன்றும் போகவில்லை. திரும்பி வந்து அக்காவின் தலையைப் பார்த்தாள். அதுவும் குத்துக்கல் மாதிரி நின்றது.

இதை யாரிடம் சொல்வது? பெரிய டாக்டரிடம் போய் உங்கள் தலை மறையவில்லை என்று புகார் கொடுக்க முடியுமா? கடைசியில் அக்காவையே எதிரே உட்காரவைத்து, தன் தலை போகிறதா பார்க்கச் சொன்னாள். அக்கா வேண்டாவெறுப்பாக ஒரு கண்ணைப் பொத்தினாள். "அழகா போயிடுச்சு. மூஞ்சி இல்லாம லட்சணமாத்தான் இருக்கே. வேலையைப் பாரு."

அந்த நிம்மதி பஸ் ஏறும்வரை தாங்கியது.

பஸ்ஸில் நெரிசல். ஈரத்துணி வாசனை, டீசல் வாசனை, யாரோ கூந்தலில் தடவிய எண்ணெயின் வாசனை எல்லாம் கலந்து மூச்சை முட்டின. கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தவளுக்கு அது தன்னாலே தோன்றியது. வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிற எதுவும் அந்தப் புள்ளியில் விழுந்தால் மறைந்தே ஆகவேண்டும். விதிவிலக்கே கிடையாது. மறையாத ஒன்று கண் வழியாக வரவில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது? பூப்போட்ட சுவருக்கு மனம் போடும் பூ எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்துதானே?

அக்காவின் சாட்சியும் அதோடு செல்லாமல் போயிற்று. அக்காவே ஒட்டுப் போட்ட துணியென்றால், துணி சொன்ன சாட்சிக்கு என்ன மதிப்பு. ஓட்டுநரின் பின்னந்தலையை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். முன்கண்ணாடிக்கு வெளியே எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் மறைந்து மறைந்து வந்தன. அவர் தலை அசையவில்லை. பஸ் முழுக்கத் தலைகள்.

வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் அன்று மாலையும் போனில் கூப்பிட்டான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாஸ்பத்திரியிலேயே குடியிருந்தால் இப்படித்தான் மண்டை குழம்பும் என்றான். ஊருக்கு வந்ததும் நல்ல டாக்டரிடம் போகலாம் என்றான். நேரில் வந்து மூன்று மீட்டர் தள்ளி உட்காரேன் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. குரலுக்கு ஏது குருட்டுப்புள்ளி. அதை எதைக்கொண்டு சோதிப்பது? சரி என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மகளைச் சோதிக்கவில்லை.

பத்து வயது மகள். அவள் பிறந்தபின்தான் தனக்கென்று ஒரு மனுஷி கிடைத்ததாக இவளுக்கு நினைப்பு. அந்த வாரம் முழுக்க மகளை ஒட்டியே உட்கார்ந்தாள். சாப்பிடும்போது பக்கத்தில், பாடம் எழுதும்போது பக்கத்தில், பல் தேய்க்கும்போதும் பக்கத்தில். ஒட்டி உட்கார்ந்தால் தலை பெரிதாக இருக்கும், புள்ளிக்குள் அடங்காது, சோதிக்கவும் முடியாது. என்னம்மா, பசை மாதிரி ஒட்டிக்கிட்டே இருக்கே என்று மகள் நெளிந்தாள். இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள் இவள். இந்த விளையாட்டை மகளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்த தன் வாயை நொந்துகொண்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் எல்லாம் தவறிப்போயிற்று. சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம்போட்ட விரிப்பு. மகள் புத்தகத்தோடு எதிர்ச்சுவரோரம் சோபாவில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். சரியாக மூன்று மீட்டர். மகளுக்கு இடப்பக்கம், இரண்டு முழம் தள்ளி, ஸ்விட்ச் பலகையின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே வைத்ததுபோல.

கூரையில் மழை அடிக்கும் சத்தம், எங்கோ குழாய் சொட்டும் சத்தம், பிரிட்ஜ் உறுமி நின்ற சத்தம். வேண்டாம் என்று நினைத்தாள். வெகுநேரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாத எரிச்சல் நெஞ்சுக்குள் அரித்தது. ஒரே ஒரு தடவை. கை தானாக மேலே போயிற்று.

இடது கண்ணைப் பொத்தினாள். சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

போய்விட்டது.

மகளின் தலை இருந்த இடத்தில் வெறும் மஞ்சள் சுவர். கீழே மகளின் பச்சைச் சட்டை, சின்னக் கைகள். கண்ணை நகர்த்தினாள், தலை வந்தது. திரும்ப விளக்கைப் பார்த்தாள், தலை போயிற்று. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊர் உலகமே பொய்யாகட்டும், டாக்டர், அக்கா, பஸ், எல்லாம் எக்கேடும் கெட்டுப்போகட்டும். மகள் இருக்கிறாள். இவள் ஒருத்தி வெளியே, நிஜமாக, தனியாக இருக்கிறாள். அது போதும் அவளுக்கு.

கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

மகளும் ஒரு கண்ணைப் பொத்தியிருந்தாள்.

எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது. திறந்திருந்த கண் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குச் சற்றுத் தள்ளி, சுவரில் எதையோ பார்த்தபடி அசையாமல் நின்றது.

"என்னடா பண்றே?"

"உன் தலையை எடுக்கிறேன்." குரலில் சலிப்பு. "ரொம்ப நாளா ட்ரை பண்றேன்மா. டீச்சர் தலை போகுது. என் பெஞ்சுல எல்லார் தலையும் போகுது. உன்னுது மட்டும் போகவே மாட்டேங்குது."

மழைச் சத்தம் நின்றிருந்தது. மழை நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டுதான் இருந்தது.

"சரியா பாத்திருக்க மாட்டே." "கண்ணு அலைஞ்சிருக்கும்."

"அலையலை. நீதானே சொல்லிக்கொடுத்தே." மகள் உதட்டைப் பிதுக்கினாள். யோசித்தாள். "இரு. ரெண்டு கண்ணையும் மூடிப் பாக்கறேன்."

இன்னொரு கை மடியிலிருந்து எழுந்தது.

வேண்டாம் என்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எழுந்து ஓடி அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். மூன்று மீட்டர்தான். மேஜையில் கை ஊன்றி எழுந்தாள். ஊன்றியது தெரியவில்லை. குனிந்து பார்த்தாள்.

கத்தி இருந்தது. பாதி நறுக்கிய பீன்ஸ் இருந்தது. அவள் கை இருந்த இடத்தில், மேஜை விரிப்பின் சிவப்பும் வெள்ளையுமான கட்டங்கள், ஒன்றுகூடப் பிசகாமல் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

எதிரே, சின்ன உள்ளங்கை இன்னும் மேலே வந்துகொண்டிருந்தது.