மெருகு அக்காவின் பை

இசைக்கருவிக் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்தபோது துப்பறிவாளர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக்குச் சொல்வதல்ல. மடித்த செய்தித்தாளும் கையுமாக ஒரு ஈயை நிஜமாகவே மேசையைச் சுற்றி விரட்டிக்கொண்டிருந்தார். வழக்கென்று ஒன்று அந்த மாடிக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. அலுவலகத்தை மூடிவிட்டு ஏதாவது கிடங்கில் காவலுக்குச் சேரப் போவதாக வீட்டில் சொல்லியும்விட்டார்.

“குழல் போயிடுச்சு சார்,” என்றார் கடைக்காரர். கீழ்த்தளத்தில்தான் அவர் கடை. “குழல்காரரோட வெள்ளிக் குழல். சரிபண்ணக் கொடுத்திருந்தார். காலையில அலமாரியைத் திறந்தா பெட்டி இருக்கு, குழல் இல்ல. பூட்டு பூட்டினபடியே இருக்கு.”

துப்பறிவாளர் பதில் சொல்வதற்குள் அவருடைய உதவியாளன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். மனைவியின் தம்பி, நாற்பதை நெருங்குகிறவன். அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவதால் தெருவில் அவனுக்கு ‘வால்’ என்று பெயர்.

“கவலையை விடுங்க. அத்தான் இருக்கார்ல,” என்றான் வால்.

கீழே கடையில் குழல்காரர் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கருவிகளைத் துடைத்து மெருகேற்றும் பெண் ஓரமாக நின்றாள். எல்லோருக்கும் அவள் மெருகு அக்கா. முந்தின நாள் மாலை குழலைக் கடைசியாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தவள் அவள்தான். துப்பறிவாளர் அவள் முகத்தைப் பார்த்தார். வேர்த்திருந்தது. தோளில் தொங்கிய துணிப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“பையில என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. வீட்டுத் துணி.”

“ஒண்ணுமில்லன்னா காட்டலாமே.”

“வேணாங்க. குழலை வெள்ளைத் துணியில சுத்திப் பெட்டியில வெச்சேன், வீட்டுக்குப் போயிட்டேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது.”

நீண்ட நாளைக்குப் பிறகு நாலு பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது துப்பறிவாளருக்கு இதமாக இருந்தது. “மேசை மேல கொட்டுங்க,” என்றார்.

அவள் கடைக்காரரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அவள் பையைக் கொட்டினாள். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகள் விழுந்தன. துவைத்தும் கறை போகாத துணிகள். வாடை அடித்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கார்,” என்றாள் மெருகு அக்கா, யாரையும் பார்க்காமல். “எங்க வீட்டுக் குழாயில தண்ணி வர்றதில்ல. இங்க பின்னால அலசி எடுத்துட்டுப் போவேன்.”

ஒவ்வொரு துணியாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அதற்கு வெகுநேரம் ஆனது போலிருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

துப்பறிவாளருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வால் அவர் காதருகே வந்தான்.

“விடுங்க அத்தான். அந்த மஞ்சள் துணி எங்கேயாவது மாட்டாமலா போயிடும்? துணி மாட்டினா குழலும் மாட்டும்.”

அப்போது அது அவர் காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை.

வாலை அக்கம்பக்கம் விசாரிக்க அனுப்பிவிட்டு, கடைக்காரரைத் தனியே உட்காரவைத்தார். “அவங்க போனதுக்கு அப்புறம் நடந்ததைச் சொல்லுங்க. எதையும் விடாம.”

“ஒரு தடவை ஊதிப் பார்க்கலாம்னு குழலை எடுத்தேன். வெள்ளைத் துணியில எண்ணெய் பட்டுடுச்சு. அதனால ஒரு மஞ்சள் துணியில சுத்தித் திரும்ப வெச்சேன். சாவியை அலமாரியிலயே விட்டுட்டு வாசலுக்கு வந்தேன். மாடிப்படி வாசக்கதவுக்கு ஒரு பெயின்டர் பெயின்ட் அடிச்சிட்டிருந்தார்ல, அவரோட பேசிட்டிருந்தேன். திரும்ப வந்து அலமாரியைப் பூட்டினேன். பெட்டியைத் திறந்து பார்க்கல. அதுதான் நான் பண்ண தப்பு.”

“அந்த நேரத்துல கடை முன்வாசல் வழியா?”

“நான்தானே அங்க நின்னேன். யாரும் வரல. பின்கதவு தாழ்ப்பாள் போடல. ஆனா அது உங்க மாடிப்படிக்குத்தானே திறக்குது. படியோட தெருவாசல்ல பெயின்டர் மத்தியானத்துலேர்ந்து உட்கார்ந்திருந்தார். நீங்க வீட்டுக்குக் கிளம்பினீங்களே, அதைத் தவிர ஒரு ஈ காக்கா அந்தப் பக்கம் போகல, வரல.”

“மஞ்சள் துணி விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இதைப் போய் யார்கிட்ட சார் சொல்லப்போறேன்? இப்பதான் எனக்கே ஞாபகம் வருது.”

துப்பறிவாளர் வால் போன திசையைப் பார்த்தார்.

அன்று வீட்டில் மனைவி தம்பிக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். “வழக்கு வந்ததும் உங்க முகத்துல களை வந்திருக்கு பாருங்க,” என்றாள் கணவரிடம். வால் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டான். துப்பறிவாளர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை எல்லோரையும் கடைக்கு வரச் சொன்னார். மெருகு அக்கா மட்டும் வரவில்லை; சொல்லியனுப்பியும் வர மறுத்துவிட்டாள். துப்பறிவாளர் மேசை முனையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“மெருகு அக்கா குழலை வெச்சது வெள்ளைத் துணியில. அவங்க போனதுக்கு அப்புறம் கடைக்காரர் குழலைக் கையில எடுத்திருக்கார். அதனால அவங்க எடுத்திருக்க முடியாது. அடுத்தது, முன்வாசல்ல கடைக்காரர், படிவாசல்ல பெயின்டர். வெளியிலேர்ந்து யாரும் வரல. அப்ப திருடின ஆள் ஏற்கெனவே கட்டடத்துக்குள்ள இருந்திருக்கணும். பின்கதவு வழியா இறங்கி வந்து, குழலை எடுத்துட்டு, வந்த வழியே ஏறிப் போயிருக்கணும். மொட்டை மாடிக் கதவு துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. மிச்சம் இருக்கறது என் அலுவலகம். அன்னிக்கு நான் கிளம்பினதுக்கு அப்புறமும் அங்க ஒரு ஆள் இருந்தான்.”

கடைக்காரர் பின்கதவைப் பார்த்தார்.

“குழல் மஞ்சள் துணியில இருந்தது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். சுத்தினவருக்கு, எடுத்தவருக்கு. கடைக்காரர் என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே ஒரு ஆள் ‘மஞ்சள் துணி’ன்னு சொன்னான்.” அவர் வாலின் பக்கம் திரும்பினார். “என் மச்சான்.”

வால் மறுக்கவில்லை. மெதுவாக மாடிக்குப் போனான். மஞ்சள் துணிச் சுருளோடு திரும்பி வந்து அதைக் குழல்காரரின் மடியில் வைத்தான்.

“இன்னிக்கே படிக்கு அடியில வெச்சிடலாம்னு இருந்தேன்,” என்றான். “அத்தான் கண்டுபிடிப்பார், பேப்பர்ல பேர் வரும், நாலு வழக்கு தேடி வரும்னு நெனச்சேன். அவர் காவலாளி உடுப்போட நிக்கிறதை என்னால பார்க்க முடியாது. அந்த அக்கா பக்கம் திரும்பும்னு சத்தியமா நெனைக்கல.”

“அவங்க பையைக் கொட்டினப்ப வாயைத் திறந்திருக்கலாமே?” என்றார் கடைக்காரர்.



குழல்காரர் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு இது கிடைச்சதே போதும். போலீசெல்லாம் வேணாம்.” துப்பறிவாளரைப் பார்த்து, “ஒரு வார்த்தையை வெச்சே பிடிச்சிட்டீங்களே. சொந்த மச்சான்னும் பார்க்கல. பெரிய மனசு,” என்றார்.

அந்த ஒரு கணம் துப்பறிவாளருக்கு உள்ளே குளிர்ந்தது. குளிர்ந்ததை அவரே கவனித்தார். தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அவர் வாலைக் கூட்டிக்கொண்டு மெருகு அக்கா வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. உள்ளே கட்டிலில் ஒரு மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் கதவை முழுதும் திறக்கவில்லை.

“இவன்தாம்மா எடுத்தது,” என்றார் துப்பறிவாளர். “உங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மன்னிப்புக் கேக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்.”

வால் கை கூப்பினான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை.

“பையைக் கொட்டச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

“இவர் சொல்லித்தான் சொன்னீங்களா?”

“இல்ல.”

“அப்ப இவரை எதுக்கு முன்னால நிறுத்தறீங்க?”

துப்பறிவாளர் வாலைத் திரும்பிப் பார்த்தார். குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தால் தன் கணக்கும் தீர்ந்துவிடும் என்றுதான் வந்திருக்கிறார். வரும் வழியெல்லாம் அவன் தலைகுனிந்து நடந்ததைப் பார்த்து அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

“நீ வீட்டுக்குப் போ,” என்றார் வாலிடம். அவன் தயங்கினான். “போடா.”

அவன் தெருமுனை திரும்பியதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.

“நாலு பேர் என்னைப் பார்க்கறாங்கங்கிற கித்தாப்புலதான் அப்படிச் சொன்னேன். நீங்க வேணாம்னு சொன்னப்பவே விட்டிருக்கணும். தப்பு என்னோடது.”

உள்ளே கட்டிலில் இருந்தவர் முனகினார்.

“இதைக் கடையில வெச்சு சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“நாளைக்கு நான் வேலைக்கு வரணும். அந்தம்மா மூக்கைப் பொத்தின கடைக்குத்தான் வரணும்.”

“நான் முன்னாடியே வந்து நிக்கிறேன்.”

“வந்தா பார்ப்போம்,” என்றாள் அவள். கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க உள்ளே போனாள்.