அந்தாண்ட பட்டன்

"ட்ரிக்கர்ங்கிறது கேட்ல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி, குல்ஷன்," என்று கம்ப்யூட்டர் பிரிவு ராஜசேகரன் ஒருநாள் சொல்லியிருந்தார். "வருகைப் பதிவுல யார் எதை மாத்தினாலும் எழுதி வைப்பான். ஆனா, போய் டீ குடிச்சிட்டு வாடான்னா போயிடுவான்."

"அப்ப ஜர்னல், சார்?"

"அது கம்ப்யூட்டரே எழுதுற டைரி, அதைப் போகச் சொல்ல முடியாதும்மா. ஒருத்தர் மாத்த ஆரம்பிச்சு பாதியில விட்டாக்கூட அதுல பதிஞ்சிடும்."

தொழிலாளர்களின் வருகையைப் பதியும் குல்ஷனுக்கு, கீபோர்டைத் துடைக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. ஒரு வாரமாகவே, அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால், எழுத்துகளின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. ஐந்து விரல்கள். இடது கை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் இறங்க இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்க வேண்டும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று வலப்பக்கத்துப் பட்டனை அமுங்கியபடியே கம்பியால் கட்டியிருந்தார்கள். போன மாதம் ஒருநாள் மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு, அதை ஓட்டிய துலுக்கானத்தின் வலது கை உள்ளே இருந்தபோது பிரஸ் இறங்கியது. ஆஸ்பத்திரி போகுமுன் உயிர் போய்விட்டது.

தினமும் காலையில் குல்ஷனின் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னா தங்கச்சி, நான் வந்துகீறேன், போட்டியா?" என்று சிரிப்பவன். மேனேஜர் அன்று மாலை ராஜசேகரனிடம் ட்ரிக்கரை நிறுத்தச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் வேலையை நம்பித்தான் பூந்தமல்லியில் வீடு ஓடுகிறது. துலுக்கானத்தின் 417-ஆம் டோக்கனுக்கு எதிரே, வந்தான் என்ற 'பி'யை அழித்து, லீவு என்ற 'எல்'லைப் போட்டாள். லீவில் இருந்தவன் மெஷினைத் தொட்டது அவன் தப்பு என்று ஆகிவிட்டது. நஷ்டஈடு கேட்டு வந்த அவன் மனைவி அங்கம்மா வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

இன்று காலை ஜர்னலை அச்செடுத்துப் பார்த்தாள். தினமும் பன்னிரண்டு நாற்பது. 417. 'எல்' போய் 'பி'. முடிக்கப்படாத மாற்றம். அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்தே.

இன்று அவள் சாப்பிடப் போகவில்லை. உள்ளிருந்து தாழிட்டு நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். வெளியே பிரஸ்களின் தடதடப்பு ஒவ்வொன்றாக ஓய்ந்து, ஏசியின் முனகல் மட்டும் மிஞ்ச, மூடிய அந்த அறைக்குள் எங்கிருந்தோ மெஷின் எண்ணெயின் கார நெடியும், அதனடியில் துருப்பிடித்த இரும்பைப் போன்ற இன்னொரு வாசனையும் மெல்ல நிறைந்தன.

பன்னிரண்டு நாற்பது.

கீபோர்டில் ஒரு பட்டன் அமுங்கியது. தானாக.

நான்கு. ஒன்று. ஏழு.

'எல்' அழிந்தது. 'பி' வந்தது.

மாற்றம் நிலைக்க, கீபோர்டின் இரண்டு ஓரங்களிலும் உள்ள இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். இடது ஓரத்துப் பட்டன் இறங்கியது. இறங்கியபடியே நின்றது. அதன்மேல் எண்ணெய் படர்ந்தது. வலது ஓரத்தில் ஒன்றும் அசையவில்லை. அங்கே சொட்டியது மட்டும் சிவப்பு.

அவள் காதருகே மூச்சு.

"எனக்கு ஒரு கைதான் கீது, தங்கச்சி. அந்தாண்ட பட்டனை நீ அமுக்கு."