பச்சைத் துடுப்பு ஜோடி

வாலுவின் சித்தி வீட்டு அலமாரியைத் திறந்தால் துணிமணி இருக்காது. கால்துடுப்புகள்தான் இருக்கும். கடலுக்கடியில் முங்குகிறவர்கள் காலில் மாட்டிக்கொண்டு நீந்துவார்களே, அந்த ரப்பர் துடுப்புகள். எல்லாம் சித்தி பிறப்பதற்கு முன்னால் செய்தவை. துணிமணியெல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்தது.

துடுப்புகளில் ஒன்றுக்கு மட்டும் ஜோடி கிடையாது. பச்சை நிறம், இடது கால். அதன் வலது கால் அடுத்த தெருப் பூட்டுக்காரரிடம் இருந்தது. அவருக்கும் இதே பைத்தியம்.

மூன்று வருடத்துக்கு முன் பழைய சாமான் கடையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த ஜோடியில் கை வைத்தார்கள். ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டோம் என்று நின்றார்கள். கடை மூடும் நேரமும் தாண்டிவிட்டது. கடைக்காரர் நொந்துபோய் ஆளுக்கொன்றாக விற்றுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது பள்ளியில் பழைய பொருள் கண்காட்சி வந்தது. கடல் பொருட்கள் மேசை வாலுவின் பொறுப்பு. நடுவில் பச்சை ஜோடியை வைத்தே தீருவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றாள் சித்தி. உன் சித்தி இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றார் பூட்டுக்காரர். வாலு மூன்று நாள் நடையாய் நடந்தாள். கடைசியில், தாங்களும் கூடவே உட்காருவதானால் தரலாம் என்று இருவரும் இறங்கிவந்தார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் சித்தி, அந்தப் பக்கம் பூட்டுக்காரர். நாள் முழுக்கக் காவல். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

"இவங்களும் பழைய பொருளா?" என்று ஒரு பொடியன் வாலுவின் காதில் கேட்டான்.

சாயங்காலம் கண்காட்சி முடிந்தது. இருவரும் அவரவர் துடுப்பில் கை வைத்தார்கள். இப்போது விட்டால் இந்த ஜோடி இனிமேல் சேராது என்று வாலுவுக்குத் தோன்றியது.

"பூட்டு மாமா, உங்களோடது மட்டும் ஏன் மேசையில ஆடிக்கிட்டே இருக்கு?"

பூட்டுக்காரரின் முகம் சுருங்கியது. சுவரில் சாய்த்து நிறுத்தி வைத்ததில் நுனி வளைந்துவிட்டதாம். எவ்வளவு பாரம் வைத்தும் நிமிரவில்லையாம்.

"நிறுத்தி வைச்சீங்களா?" சித்தி மூன்று வருடத்தில் முதல்முறையாக அவரிடம் பேசினாள். "ரப்பரைப் படுக்கத்தான் வைக்கணும். வெதுவெதுப்பான தண்ணியில ஊறப் போட்டு மெதுவா நிமிர்த்தணும்."

"சரி சித்தி, உன்னோடதுல பட்டையை ஏன் கயித்தால கட்டி வைச்சிருக்க?"

சித்தி பட்டையைக் கையால் மறைத்தாள். குதிகால் பட்டையின் கொக்கி துருப்பிடித்து உடைந்து ஒரு வருடமாகிறது. பூட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"அரைமணி நேர வேலை," என்றார் மீசைக்குள் சிரித்தபடி.

வாலு வலது துடுப்பை எடுத்துச் சித்தி கையில் கொடுத்தாள். இடது துடுப்பைப் பூட்டுக்காரர் கையில் வைத்தாள். இருவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"திருப்பித் தந்துடுவீங்கள்ல?" என்றாள் சித்தி.

"நீங்க தந்தா நானும் தருவேன்."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருவரும் வாசல்வரை போனார்கள். சரியானதும் இரண்டையும் ஒன்றாக வைக்கலாம் என்றாள் சித்தி. வைத்துவிடலாம் என்றார் அவர்.

யார் வீட்டில் என்று கேட்க வாலு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். ஒரு நாளைக்கு இது போதும்.