நவமணிக்குக் கண் தெரியாது

அன்று காலை நவமணி ஊற்றிய கோப்பி கோப்பையில் விழவில்லை. மேசையில் விழுந்து ஓடி, நாத்தனார் கலாதேவியின் மடியில் வெள்ளமாய் இறங்கியது.

“ஐயோ, வெந்து போச்சே!”

அந்தக் கூச்சலில் புந்தோங் வட்டாரத்துக் கோழிகளெல்லாம் ஒரு வாரம் முட்டையிட மறந்திருக்கும்.

“கண்ணு தெரியல, கண்ணு தெரியலன்னு பத்து வருஷமா சொல்ற... கிளினிக்குன்னா மட்டும் காலு நகராது! என் தம்பி பாவம் லா, குருடியக் கட்டிட்டு அழுவுறான்!”

நவமணி துடைக்கத் துணி தேடினாள். கை துழாவியது. இப்போது நிஜமாகவே துழாவியது. அது அவளுக்கு மட்டும் தெரிந்த பயம்.

ஏனென்றால், அந்தப் பத்து வருஷத்தில் முதல் எட்டும் முழுப் பொய்! கோப்பெங் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தபோது வடை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் படித்தவள் அவள். எறும்பின் முதுகில் எழுதியிருந்தாலும் வாசித்துவிடுவாள். மகன் கோகிலன் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

“பொண்ணுங்க எல்லாம் நல்லா வாசிக்கிறாங்கம்மா. வாசிக்கத் தெரியாத ஏழு பேரும் பையனுங்க. உங்க மகன்தான் ஏழாவது.”

வீட்டில் சொன்னபோது, லோரி ஓட்டும் கணவன் கனகராஜ் சிரித்தான். “படிக்கிறது பொம்பளப்புள்ள வேல லா. ஆம்பளைக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிஞ்சா போதும்.”

மறுநாளே நவமணிக்குக் கண் ‘போயிற்று’.

“ஐயா, அம்மாவுக்கு எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு. இந்தப் பேய்க்கதைய கொஞ்சம் படிச்சிச் சொல்றியா?”

பையன் இரண்டு வரி படித்து முடிப்பதற்குள் லோரி தெலுக் இந்தான் போய்த் திரும்பிவிடும். தப்பாகப் படித்தால் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவன் திணறி நின்றால் ஒரே கேள்விதான். “அப்புறம்?”

பேயில் தொடங்கியவன் பந்தாட்டத்துக்குப் போனான். கொலைச் செய்திக்குப் போனான். கடைசியில் தலையணை பருமன் நாவல்களுக்கே வந்துவிட்டான். அவளோ, தனக்குப் பிடித்ததைக் கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டு படித்தாள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் கலாதேவி ஊற்றிய ஓமத் தண்ணீர், ஒரு தெப்பக்குளம் இருக்கும்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் கழிப்பறையில் படித்த பக்கங்கள் மெய்யாகவே மங்கின. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கோகிலனுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. “உன் கண்ண காட்டாம நான் கெளம்ப மாட்டேம்மா” என்று அன்றே கிளினிக்குக்கு இழுத்துப் போனான்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். “இனிப்புநீர் வியாதி பார்வையத் தின்னுருச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்.”

“பத்து வருஷமாத் தெரியல டாக்டர்...”

“இருக்காதே தம்பி. பத்து வருஷம் இப்படி விட்டிருந்தா, இப்ப வெளிச்சங்கூடத் தெரியாது.”

வீடு வந்ததும் கோகிலன் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். விஷயம் தெரிந்ததும் கலாதேவி கையைத் தட்டினாள். “அடிப்பாவி! அத்தனையும் நடிப்பா? பாத்தியாடா தம்பி ஒன் பொண்டாட்டிய!”

கனகராஜ் தலை குனிந்து நின்றான். கோகிலன்தான் வெடித்தான். “மத்தவனுங்கள்லாம் பந்து ஆடப் போனப்ப நான் ஒனக்குன்னு உக்காந்து படிச்சேன்... என்னைய முட்டாளாக்கிட்டியேம்மா!”

நவமணி அவன் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

“ஸ்கூல்ல அடிச்சாங்க, நீ படிக்கல. திட்டுனாங்க, படிக்கல. எனக்காகன்னதும் படிச்சே... நல்லா வந்ததும் சொல்லிடலாம்னுதான்யா இருந்தேன். தெனமும் ஓடி வந்து பக்கத்துல உக்காருவியா... விட மனசு வரல. நான் கக்கூஸ்ல ஒளிஞ்சிக்கிட்டுப் படிச்சேன். அப்புறம் கண்ணு நெசமாவே மங்குச்சு. ஒனக்குப் பரீட்ச வருஷம். டாக்டருகிட்ட போனா பொய்யி தெரிஞ்சிரும்... கோவத்துல புத்தகத்தத் தூக்கிப் போட்டுருவியோன்னு...”

“அதுக்காகக் கண்ணையே குடுத்துட்டியாம்மா!” அவன் அவள் மடியில் விழுந்து கதறினான்.

கலாதேவி ஓடி வந்து நவமணியை இறுகக் கட்டிக்கொண்டாள். “ஓமத் தண்ணியா ஊத்திக் கொன்னேனேடி ஒன்னைய...”

ஒரு வாரத்தில் கோகிலன் கிளம்பிப் போனான். மறுநாள் காலை நாளிதழ் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. வெளியே லோரி உறுமிக்கொண்டிருந்தது. வாசல்வரை போன கனகராஜ் நின்றான். போய் லோரி எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

நாற்காலி நகரும் சத்தம் நவமணிக்குக் கேட்டது. காகிதம் சரசரத்தது. கனகராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“ஆ... ஆயர்... தாவார் டவுன்ல... நேத்து... ராத்... ராத்திரி...”

நின்றுவிட்டான்.

நவமணி கையை நீட்டித் துழாவி, அவன் முழங்காலைத் தொட்டாள்.

“அப்புறம்?”