எறும்பு வராத வாடை

உள்ளறையில் ஏதோ செத்துக் கிடந்தது. ஆனால் ஒரு எறும்புகூட வரவில்லை.

கண்ணகிக்கு முதலில் உறுத்தியது அதுதான். எலி செத்தால் விடிவதற்குள் சுவரோரம் எறும்பு சாரை கட்டிவிடும், ஈ மொய்க்கும், எந்த மூலை என்று மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். இந்த வாடைக்கு மூலையே இல்லை. டிரங்குப் பெட்டியை நகர்த்தினாள், பாயை உதறினாள், பரண் மேலிருந்த பழைய சாக்குகளை எல்லாம் இறக்கிப் பார்த்தாள். நனைந்த சாக்கும் கெட்டுப்போன கறியும் சேர்ந்தாற்போல, அடியில் லேசான இனிப்போடு, அது அவள் கூடவே நின்றுகொண்டிருந்தது.

“அண்ணி, உள்ள ஒரே வாடையா கீதே, உங்களுக்குத் தெரியல?”

நாத்தனார் ஆண்டாள் அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “திப்பி வாடைதான். ஊரே நாறிக்கினு கெடக்குது, உனக்கு மட்டும் இன்னா புதுசா?” என்றாள். சொல்லும்போது முறத்தைத்தான் பார்த்தாள். கண்ணகியின் முகத்தைப் பார்க்கவில்லை.

திப்பி வாடை கண்ணகிக்குத் தெரியாததா? சின்னசேலத்தை ஒட்டிய அந்த ஜவ்வரிசி மில்லில் அவள் கணவன் கொளஞ்சியப்பன் மேஸ்திரி. வீடே காயப்போடும் களத்தின் ஓரத்தில்தான் இருந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை திப்பி. வெயிலில் காய்ந்து லாரி ஏறிப் போய்விடும். அந்தப் புரட்டாசியில் லாரி வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சேலம் ரோட்டிலும் கள்ளக்குறிச்சி ரோட்டிலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மழை களத்தில் நின்றது. குவித்த திப்பியின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலப் பூஞ்சை பூத்து, காற்றடித்தால் பொடியாகப் பறந்து கொடியில் காயும் துணியிலும், மூடாத தண்ணீர்ப் பானையிலும், ஜன்னலோரம் அவள் படுக்கும் தலையணையிலும் படிந்தது.

இது அந்த வாடை இல்லை. இதை யாரோ வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன, வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

மூட்டுவாதம் வந்து கண்ணகியின் விரல்கள் மடங்கிப்போன வருஷம்தான், புருஷனை இழந்த ஆண்டாள் தம்பி வீட்டுக்கு வந்தாள். சமைத்தாள், கண்ணகிக்குத் தலை பின்னினாள், புடவை கட்டிவிட்டாள். பிறகு கள்ளக்குறிச்சி டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். சில நாளிலேயே விரல்கள் பூ மாதிரி விரிந்தன. பின்னலை அவளே போட்டுக்கொண்டாள். கணவனின் சட்டைப் பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தபோது, அவன் அசையாமல் நின்று அவள் உச்சியில் மோவாயை வைத்துக்கொண்டான். ஒட்டிக் கிடந்த கன்னமும் உப்பி வந்தது. “பௌர்ணமி நம்ம வூட்லயே கீதுடி” என்று அவன் கிள்ளுவான். தேறிவிட்டாள் என்று தெருவே சொன்னது.

அடுப்படிக் கரண்டியைக் கண்ணகி கையில் திருப்பிக் கொடுத்த அன்று ஆண்டாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் கண்ணகி இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள்.

டாக்டர் அந்த மாத்திரையைக் கொஞ்ச நாளைக்குத்தான் எழுதினார். “இது வலிய மட்டும் அடக்காதும்மா, ஒடம்போட காவலையும் சேத்து அடக்கிடும். சுவத்துல பூக்குற பூஞ்சை ஒடம்புக்குள்ள பூக்கும். மூக்கடைப்பு, மொகவலி எது வந்தாலும் ஓடி வந்துடணும்” என்றார். மனுஷன் உடம்பில் பூஞ்சையா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பழைய சீட்டையே மருந்துக்கடையில் நீட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு அடைத்தபோது சொல்லவில்லை. இடது கன்னம் மரத்தபோதும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். விரல் மறுபடி மடங்கும். மறுபடி ஆண்டாள் கையால் தலை பின்னிக்கொள்ள வேண்டும்.

வாடை கூடத்துக்கு வந்தது. அடுப்படிக்கு வந்தது. கிணற்றடிக்குப் போய் நின்றாள், அங்கே அவளுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது.

அடுத்த நாள் கூடத்துச் சுவரில் கண்ணாடி இல்லை.

“ஆணி பேத்துகினு வந்துடுச்சி, எடுத்து வச்சிட்டேன்” என்றான் கொளஞ்சியப்பன்.

ஆணி சுவரில்தான் இருந்தது.

அவன் எப்போதும் அவளுடைய வலப்பக்கமே உட்கார்ந்தான். இடப்பக்கம் வீடு இருட்டிக்கொண்டு வந்தது. “ஜன்னல யாரு சாத்துனது?” என்று கேட்டாள். “தொறந்துதான் கெடக்குது” என்றான். பொய். அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் துணியை யாரோ தொங்கவிட்டிருந்தார்கள். தலையைத் திருப்பினால் துணியும் கூடவே திரும்பியது.

ஆண்டாள் காப்பி கொடுத்தாள். பாதி குடிப்பதற்குள் கொளஞ்சியப்பன் தோள் துண்டை எடுத்து அவள் மேலுதட்டைத் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

“நான் இன்னா கைக்கொழந்தையா?”

“ஒண்ணுமில்ல. நீ குடி.”

துண்டில் காப்பிக் கறை, அதன் நடுவே கரி தொட்டாற்போல ஒரு திட்டு. அவள் பார்ப்பதற்குள் சுருட்டிக்கொண்டான். வாயில் இருக்கும் காப்பியை மூக்கடியில் ஏன் துடைக்க வேண்டும்?

அன்று மத்தியானம் அவள் தூங்குவதாக நினைத்துக் கொல்லையில் பேசினார்கள்.

“எத்தினி நாளுடா மறைக்கிறது? என்னால கண்ணால பாக்க முடியல.”

“டிராக்டர்காரன் வயக்காட்டு வழியா வரேன்னுகிறான்க்கா. சேலம் கொண்டும் போயிட்டா முடிஞ்சிடும். அதுவரைக்கும் அவளுக்குத் தெரிய வாணாம்.”

முடிஞ்சிடும்.

கண்ணகி கண்ணைத் திறக்கவில்லை. பௌர்ணமி என்று சொன்ன அதே வாய். சாப்பாட்டில்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் காப்பியில். முகம் மரத்ததும் அதனால்தான். கையில் பலம் வேண்டும், கை மட்டும் மடங்கக் கூடாது. மாத்திரைப் புட்டியைத் தலையணை உறைக்குள் ஒளித்தாள். வழக்கமாகப் போடுவதை விட இரண்டு அதிகம் போட்டுக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. காலையிலும் தொடவில்லை.

“ஒரு வாய் சாப்புடு கண்ணகி, என் தங்கமில்ல” என்று ஆண்டாள் அழுதாள். என்ன அழுகை. என்ன நடிப்பு.

சாயங்காலம் மழை பிடித்து, கரண்ட் போனது. உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது நாக்கில் அது தட்டுப்பட்டது. மேலண்ணத்தில். வறண்ட ஒரு ஓரம். சொரசொரப்பாக. நாக்கால் நெம்பினாள். வலிக்கவில்லை. விரலை விட்டுப் பிடித்து இழுத்தாள்.

கையோடு வந்தது. கறுப்பாக. காய்ந்த கிழங்குத் தோல் மாதிரி.

இதுதான். கடைசியில் கையும் களவுமாக.

“ஏங்க!” அவள் போட்ட சத்தத்தில் குரல் மூக்கு வழியாகக் குழறியது. “ஏங்க, இங்க வாங்க! உங்கக்கா என் வாயில இன்னா வெச்சாங்கன்னு பாருங்க!”

இருவரும் ஓடி வந்தார்கள். உள்ளங்கையை நீட்டினாள். ஆண்டாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “எப்பா... கொளஞ்சி...”

“பேசாதக்கா.”

அவன் டார்ச்சை எடுத்துவந்து அவள் முன்னால் மண்டியிட்டான். “வாயத் தொற கண்ணகி.”

“நீங்களும் சேந்துதான...”

“தொறடி. என் கண்ணுல்ல.”

திறந்தாள். பார்க்கட்டும். பார்த்துவிட்டுத் தன் அக்காவைக் கேட்கட்டும். டார்ச்சின் விளிம்பு உதட்டில் சில்லென்று பட்டது, வலப்பக்கம் மட்டும். அவன் குனிந்து, கீழிருந்து மேலாக வெளிச்சத்தைப் பிடித்தான்.

அவன் மூச்சு நின்றது.

பாழுங்கிணற்றில் எட்டிப் பார்க்கிறவன் முகம் அப்படித்தான் இருக்கும். ஆண்டாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஓட்டின் மேல் மழை.

என்ன என்று கேட்க முடியவில்லை. வாய் நிறைய டார்ச். கண்ணகி கீழே பார்த்தாள். மடியில் அவள் கைகள். விரல்கள் நேராக, அழகாக.

கையின் மேல் ஒரு வெளிச்சம் கிடந்தது.

சின்னதாக. காசு அகலம். செக்கச் சிவப்பு.

கரண்ட் இல்லை. விளக்கு ஏற்றவில்லை. டார்ச் அவள் வாய்க்குள். வெளிச்சம் விழுவது மரத்துப்போன அந்த இடது கன்னத்திலிருந்து.

கொளஞ்சியப்பன் டார்ச்சைச் சற்றுத் திருப்பினான். மடியில் அந்த வெளிச்சமும் நகர்ந்தது.

அவள் மெல்ல விரல்களை மூடினாள். மூடிய விரல்களின் மேல் அது ஏறி நின்றது.