பாதி பாட்டில் தண்ணீர்

காலை ஆறு மணிக்குத் துப்பறிபவர் எழுந்தார். பல் தேய்த்தார். ஒரு டம்ளர் காப்பி போட்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைவர் பேசினார். பரிசோதகி ஒருத்தி பொய் அறிக்கை எழுதிவிட்டாளாம். பன்னிரண்டு மணிக்கு அவளை வேலையை விட்டு அனுப்பப் போகிறாராம். அதற்குள் வந்து குற்றத்தை உறுதிசெய்ய வேண்டுமாம்.

விஷயம் இதுதான். தொழிற்சாலைக் குழாய்களில் படிவு கட்டாமலிருக்க ஒரு மருந்து ஊற்றுவார்கள். அது தொழிற்சாலைக்குப் பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் இருப்பதாகத் திங்களன்று அவள் எழுதினாள். வியாழனன்று தலைவர் அதே பாட்டிலைச் சோதித்தார். மருந்து அறவே இல்லை.

"பாட்டிலை மாத்திட்டாங்க மாமா, எழுதி வச்சுக்கோங்க," என்றான், கூடத்துக்குக் கூடவே வந்திருந்த மைத்துனன். துப்பறிவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"திங்கக்கிழமை சோதனை முடிஞ்சதும் சீல் வச்சதே நான்தான்," என்றார் தலைவர். வியாழனன்று அவர் திறக்கும்வரை சீல் உடையவும் இல்லை. மைத்துனன் முகம் தொங்கிப்போயிற்று.

பாட்டிலில் பாதிதான் தண்ணீர் இருந்தது. மீதி எங்கே என்று துப்பறிபவர் கேட்டார்.

பரிசோதகி அலுத்துக்கொண்டாள். "முதல் சோதனைக்கு எடுத்தது சார். கிணத்துக்கு ஒரு பாட்டில் போதும்னு உத்தரவு. ரெண்டு வேணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன்."

கிணற்று வீட்டுக்குப் போனார்கள். குழாயடித் தொட்டியெல்லாம் கறுப்புக் கறை. துப்பறிபவர் ஒரு பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி மூடினார். இன்னொன்றைப் பாதி நிரப்பி, மைத்துனனிடம் கொடுத்து வழியெல்லாம் குலுக்கச் சொன்னார். கை கழன்றுவிடும் என்று அவன் முனகிக்கொண்டே வந்தான்.

பதினொன்றரைக்கு, தலைவர் கண் முன்னே பரிசோதகி சோதித்தாள். நிறைந்த பாட்டிலில் மருந்து அப்படியே இருந்தது. குலுக்கியதில் பாதிக்கு மேல் காணோம். பதிலுக்கு பாஸ்பேட் ஏறியிருந்தது. சீல் வைத்த பழைய பாட்டிலில் அது இன்னும் அதிகம்.

"இந்த மருந்து உலோகத்தை நண்டு மாதிரி கவ்வும்," என்றார் துப்பறிபவர். "கிணத்துல மாங்கனீஸ் இருக்கு, அந்தக் கறை அதோடதுதான். மாங்கனீஸைக் கவ்வினப்புறம் காத்தும் பட்டா மருந்து உடைஞ்சிடும். பாஸ்பேட் அதோட துண்டு. மாங்கனீஸ் மட்டும் தீராது, மிச்ச மருந்தையும் உடைக்கப் போயிடும். பூமிக்கடியில காத்து இல்ல, மருந்து தங்குது. உங்க பாட்டில்ல பாதி காத்து. திருடனையும் உள்ள விட்டு நீங்களே சீல் வச்சிட்டீங்க."

தலைவர் வேலைநீக்கக் கடிதத்தைக் கிழித்தார். தப்பு தன்னுடையதுதான் என்றார். இனி கிணற்றுக்கு இரண்டு பாட்டில் என்றார். அவள் சமாதானமாகவில்லை. வேறென்ன வேண்டும் என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். திங்கக்கிழமையே எழுதிட்டேன், இன்னும் அந்த வீட்டுல அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க. அவங்ககிட்ட யாராவது சொன்னீங்களா?"